வலி மாத்திரைக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

(மூட்டுவலிக்கும் தசைவலிக்கும் நாம் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் சுங்கை வேயில் உள்ள ஒரு மருந்தகத்தில் பணிபுரிகிறேன். எங்கள் வட்டாரம் உழைப்பாளிகளின் வட்டாரம். 1972-ஆம் ஆண்டில் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய பிறகு, தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் இளம்பெண்கள் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். நம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். காலையில் ஒரு ஷிப்ட், இரவில் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் ஓவர்டைம். நின்றே வேலை செய்த கால்கள் அவை. அந்தத் தலைமுறையின் முட்டியும் இடுப்பும் தோள்பட்டையும் இன்று வலிக்கின்றன. அந்த வலியோடு அவர்கள் வந்து நிற்கும் இடங்களில் ஒன்று எங்கள் மருந்தகத்தின் கவுண்டர்.

ஒரு நாள் மாலை, ஐம்பத்து நான்கு வயது அக்கா ஒருவர் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். "தம்பி, முட்டி வலி மாத்திரை ரெண்டு பட்டை குடுங்க. நாளைக்கு நைட் ஷிப்ட்" என்றார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"அது பிரஷர் மாத்திரை தம்பி. அதுக்கும் முட்டி வலிக்கும் என்ன சம்பந்தம்?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்று நான் உங்களிடம் பேசப் போவது.

ஒரு பை, நான்கு வாசல்

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரும்படி அந்த அக்காவிடம் சொன்னேன். மறுநாள் கொண்டு வந்து கவுண்டரில் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தோம்.

அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தவை மூன்று: இரத்த அழுத்தத்திற்கு பெரின்டோப்ரில், நீர் பிரிவதற்கு ஹைட்ரோகுளோரோதையாசைட், இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின். தொழிற்சாலையின் பேனல் கிளினிக்கில் இடுப்பு வலிக்குக் கொடுத்தது டைக்ளோஃபினாக். பக்கத்து வீட்டுக்காரர் தன் பல் வலிக்கு வாங்கி மீதியைக் கொடுத்தது மெஃபனாமிக் அமிலம். கடைசியாக ஒரு சிறிய புட்டி. அதில் கறுப்பு உருண்டைகள். "வேர் மருந்து, பக்க விளைவே கிடையாதாம்" என்றார். புட்டியில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

இதில் யாரைக் குறை சொல்வது? அரசாங்கக் கிளினிக்கிற்குப் பேனல் கிளினிக் கொடுத்தது தெரியாது. பேனல் கிளினிக்கிற்கு இரவுச் சந்தையில் வாங்கிய புட்டியைப் பற்றித் தெரியாது. மருந்தாளராகிய எனக்குப் பக்கத்து வீட்டு மாத்திரை தெரியாது. நான்கு வாசல் வழியாக வந்த மருந்துகள் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் அந்த அக்காவின் உடம்புதான்.

டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் அமிலம் இரண்டும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு பெயர். ஆனால் ஒரே குடும்பம். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், ஸ்டீராய்டு அல்லாத மருந்துகள் என்று இந்தக் குடும்பத்தைச் சொல்வார்கள். வோல்டாரன், பொன்ஸ்டான், புரூஃபென், நியூரோஃபென், ஆர்கோக்சியா, செலிப்ரெக்ஸ் என்று நீங்கள் கேள்விப்பட்ட பெயர்கள் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். வலிக்குப் போடும் ஆஸ்பிரினும் அப்படித்தான். பனாடோல் என்று நாம் சொல்லும் பாராசிட்டமால் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை என்ன செய்கிறது?

அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகிறது. அதனால்தான் அந்த இடம் வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தாலும் அது எப்படி வலியைக் குறைக்கிறது என்பது பல காலம் புரியாமலே இருந்தது. 1971-ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன், இந்த மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புரோஸ்டாகிளாண்டின் வலியை மட்டும் உண்டாக்கும் பொருளன்று. வயிற்றின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதுதான். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயைத் திறந்து வைப்பதும் அதுதான். முட்டியில் அதை நிறுத்தும் மாத்திரை, வயிற்றிலும் சிறுநீரகத்திலும் சேர்த்தே நிறுத்துகிறது. மாத்திரைக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது. இரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

வயிற்றில் என்ன நடக்கிறது?

"சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மை. சாப்பிட்ட பின் உட்கொண்டால் வயிற்று எரிச்சல் குறையலாம். ஆனால் புண் வருவதற்கான காரணம், மாத்திரை வயிற்றில் உரசுவது மட்டுமன்று. அது இரத்தத்தில் கலந்து வயிற்றின் பாதுகாப்பைக் குறைப்பதுதான் முக்கியக் காரணம். அதனால் "மாத்திரை வேண்டாம், ஊசி போடுங்கள் டாக்டர்" என்று கேட்பதாலும் வயிறு தப்பிவிடாது.

நம் நாட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் கூடுதலாக இருப்பதை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. கிருமியும் இருந்து, வலி மாத்திரையும் தொடர்ந்து போட்டால் புண் வரும் வாய்ப்பு கூடுகிறது.

புண் வந்தால் வலிக்குமே, அப்போது நிறுத்திக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். பலருக்கு முன்கூட்டியே வலி தெரிவதில்லை. முதல் அறிகுறியே இரத்தக் கசிவாக இருக்கலாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, காப்பித் தூள் கலந்தது போல வாந்தி வந்தாலோ, மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள், இதயத்துக்காகத் தினம் சிறிய ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். இதில் ஐபியூபுரோஃபென் என்ற மருந்துக்கு இன்னொரு குறையும் உண்டு. இதயத்துக்கான ஆஸ்பிரினின் பலனை அது கெடுக்கக்கூடும். இதைக் கேட்டுவிட்டு யாரும் இதய ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது எது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சிறுநீரகம்: சத்தமில்லாமல் நடப்பது

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பிரஷர் மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

சிறுநீரகம் ஒரு வடிகட்டி. இரத்தம் ஒரு குழாய் வழியாக உள்ளே வருகிறது, இன்னொரு குழாய் வழியாக வெளியே போகிறது. வடிகட்ட வேண்டுமானால் நடுவில் போதிய அழுத்தம் இருக்க வேண்டும். பெரின்டோப்ரில் போன்ற மருந்து, வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. அது நல்லதற்குத்தான், இனிப்பு நீர் உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் காப்பதற்கே அந்த மருந்தைத் தருகிறார்கள். நீர் மாத்திரை, உடம்பில் ஓடும் நீரின் அளவைக் குறைக்கிறது. இதுவரை சிறுநீரகம் சமாளித்துக்கொள்கிறது. எப்படி? உள்ளே வரும் குழாயைப் புரோஸ்டாகிளாண்டினின் உதவியால் அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு.

இந்த நேரத்தில் வலி மாத்திரை வந்து உள்ளே வரும் குழாயைச் சுருக்கிவிடுகிறது. வெளியே போகும் குழாய் தளர்வு, உள்ளே வரும் குழாய் சுருக்கம், ஓடும் நீரும் குறைவு. வடிகட்டுவதற்கான அழுத்தம் விழுந்துவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் சில நாளிலேயே சிறுநீரகம் பழுதடையலாம் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஆபத்து. வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வெயில் வேலை, தண்ணீர் குடிக்காத விரதம் ஆகியவை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

இன்னொன்று. வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். கால் வீங்கும், இரத்த அழுத்தம் ஏறும். வலி மாத்திரையைப் பற்றி அறியாத கிளினிக், அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரையைக் கூட்டும். அக்காவின் கணுக்கால் வீக்கத்தைப் பார்த்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

மருந்து ஒன்று சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே மாடுகளின் வலிக்கும் டைக்ளோஃபினாக் கொடுத்தார்கள். அந்த மாடுகள் இறந்தபோது பிணந்தின்னிக் கழுகுகள் வந்து தின்றன. கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுக் கழுகு இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. காரணம் டைக்ளோஃபினாக்தான் என்பது பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் வழி 2004-இல் வெளிவந்தது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய ஊசிமருந்துப் புட்டிகளை மாட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் 2015-இல் புட்டியின் அளவையும் 3 மில்லிலிட்டராகக் கட்டுப்படுத்தினார்கள். அதை எதிர்த்த வழக்கில், 2017-இல் சென்னை உயர்நீதிமன்றம் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கில் எஞ்சிய கழுகுகளை இன்று பாதுகாத்து வருகிறார்கள்.

கழுகின் உடல் வேறு, நம் உடல் வேறு. ஒரு மாத்திரை போட்டதும் நமக்கு அப்படி ஆகிவிடாது; பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நல்ல சிறுநீரகம் உள்ளவர் இரண்டு மூன்று நாள் சரியான அளவில் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கேள்வி, நம்முடைய சிறுநீரகம் நல்ல சிறுநீரகமா என்பதுதான்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாட்பட்ட சிறுநீரக நோய் 2011-இல் 9 விழுக்காட்டினருக்கு இருந்தது. 2018-இல் 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அவர்களில் தங்களுக்கு அந்த நோய் இருப்பதை அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் வலிக்காது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். இன்று நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் வலி மாத்திரைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும்தான் பெரிய காரணங்கள். ஏற்கெனவே அந்த இரண்டும் உள்ள சிறுநீரகத்தின் மேல் நாமே இன்னொரு சுமையை ஏற்ற வேண்டாம் என்கிறேன்.

இங்கே ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டுவிட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது உங்கள் உயிரைக் காப்பது. யோசிக்க வேண்டியது வலி மாத்திரையைப் பற்றித்தான்.

இதயமும் தப்பவில்லை

வயிற்றைப் பாதிக்காத புதிய வலி மாத்திரை என்று 1999-இல் வயோக்ஸ் என்ற மருந்து சந்தைக்கு வந்தது. பல நாடுகளில் நன்றாக விற்றது. நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக வருவது ஓர் ஆய்வில் தெரிந்ததும், 2004 செப்டம்பர் 30-ஆம் தேதி அதைத் தயாரித்த நிறுவனம் உலகெங்கும் மீட்டுக்கொண்டது. அதன் பிறகு மற்ற வலி மாத்திரைகளையும் ஆராய்ந்தார்கள். 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்தக் குடும்பத்து மருந்துகளின் உறைகளில் இதய எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. 2015-இல் அதை மேலும் கடுமையாக்கியது. சில வாரங்கள் சாப்பிட்டாலே ஆபத்து கூடலாம், அளவு கூடினால் ஆபத்தும் கூடும் என்பது அந்த எச்சரிக்கையின் சாரம். இதயத்தில் அடைப்பு உள்ளவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

தோள்பட்டையிலும் இடது கையிலும் தாடையிலும் வலி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் அது தசைவலியாக இல்லாமல் மாரடைப்பாகவும் இருக்கலாம். அதை மாத்திரை போட்டு அடக்கப் பார்க்காதீர்கள்.

பெயரில்லாத புட்டி

அக்காவின் பையில் இருந்த அந்தப் புட்டியை நான் மறக்கவில்லை. நாட்டு மருந்துக்கு நான் எதிரியல்லன். என் பாட்டி கொடுத்த கசாயத்தில் வளர்ந்தவன்தான் நானும். ஆனால் நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கும் சில உருண்டைகளிலும் மாஜுன்களிலும் ஜாமுகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும், இதே டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகளையும் கள்ளத்தனமாகக் கலக்கிறார்கள். நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ இதைச் சோதனையில் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து மக்களை எச்சரித்து வருகிறது. அந்த அலுவலகம் வேறெங்கோ இல்லை; எங்கள் பெட்டாலிங் ஜெயாவில்தான் இருக்கிறது.

மூன்று வருட முட்டிவலி ஒரே இரவில் போய்விட்டது, பசி நன்றாக எடுக்கிறது, முகம் உப்பிக்கொண்டு வருகிறது என்றால் மகிழ்ச்சியடையாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு இனிப்பு நீரை ஏற்றும், அழுத்தத்தை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும். பல வாரங்கள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். மயக்கம் வரும், இரத்த அழுத்தம் விழும். ஆகவே புட்டியைக் குப்பையில் வீசாமல், அதையே எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

பதிவு பெற்ற மருந்தை எப்படி அறிவது? உறையில் எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்துகளும், அதன்பின் எட்டு இலக்கங்களும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் இறுதி எழுத்து டி. பளபளக்கும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். போலி எண்ணை அச்சடிப்பவர்களும் உண்டு என்பதால், அந்த எண்ணுக்குரிய மருந்து அதுதானா என்று என்பிஆர்ஏ-வின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அல்லது மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள். நாங்கள் பார்த்துச் சொல்வோம்.

காய்ச்சலோடு வரும் உடல்வலி

ஆண்டுதோறும் நாட்டிலேயே டிங்கி காய்ச்சல் மிக அதிகமாகப் பதிவாகும் மாநிலம் நம் சிலாங்கூர். டிங்கி வந்தால் மூட்டும் தசையும் அடித்துப் போட்டது போல வலிக்கும். அப்போது டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் அமிலம், ஐபியூபுரோஃபென், ஆஸ்பிரின் எதையும் போடக் கூடாது. இரத்தக் கசிவை அது மோசமாக்கும். காய்ச்சலோடு உடல்வலி என்றால் பாராசிட்டமால் மட்டும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கர்ப்பிணிப் பெண்கள், குறிப்பாக 20 வாரம் தாண்டியவர்கள், மருத்துவர் சொல்லாமல் இந்த மாத்திரைகளைச் சாப்பிடக் கூடாது; குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இவை மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

பிறகு வலிக்கு என்னதான் செய்வது?

வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வலிக்கும் உடம்போடு வேலைக்குப் போகிறவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. படிப்படியாகப் போகலாம் என்கிறேன்.

முதலில் முட்டி, கை மூட்டு வலி என்றால் பூசும் ஜெல். அதுவும் இதே குடும்பத்து மருந்துதான். ஆனால் இரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையைவிட மிக மிகக் குறைவு. ஜெல்லும் பூசி, அதே இடத்தில் கோயோக்கும் ஒட்டி, மாத்திரையும் போட்டால் அந்த நன்மை போய்விடும். ஒன்று போதும்.

அடுத்து பாராசிட்டமால். 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு, நாள் ஒன்றுக்கு எட்டுக்கு மேல் கூடாது. இடையில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் விட வேண்டும். சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் இருப்பதால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால்தான் வீக்கம் குறைக்கும் மாத்திரை. அதற்கு நான்கு விதிகள். ஒரு நேரத்தில் அந்தக் குடும்பத்தில் ஒரு மருந்து மட்டும். பலன் தரும் மிகக் குறைந்த அளவு. மிகக் குறைந்த நாட்கள். மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ உங்கள் மற்ற மருந்துகளைச் சொன்ன பிறகு. சில நாள் சாப்பிட்டும் வலி போகவில்லை என்றால் இன்னொரு பட்டை வாங்கக் கூடாது, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு நீண்ட நாள் சாப்பிட வேண்டியிருக்கலாம். அது மருத்துவரின் கண்காணிப்பில், வயிற்றுக்குப் பாதுகாப்பு மருந்தும் இரத்தப் பரிசோதனையும் சேர்த்து நடக்க வேண்டியது.

மூட்டு சிவந்து சுட்டு, கூடவே காய்ச்சல் இருந்தாலோ, இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ மாத்திரையை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

மாத்திரை அல்லாத மருந்துகளும் உண்டு. முட்டித் தேய்மானம் உள்ளவர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டியின் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொலைக்காட்சி நாடகம் பார்த்துக்கொண்டே செய்யலாம். தொடைத் தசை வலுவானால் முட்டிக்குத் தாங்கல் கிடைக்கும். தசைப்பிடிப்புக்குச் சுடுநீர் ஒத்தடம் போதும், ஆனால் இனிப்பு நீரால் கால் மரத்திருப்பவர்கள் சூடு பட்டுக் கொப்பளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு என்ன ஆனது?

அன்று நான் அந்த அக்காவுக்கு மாத்திரை விற்கவில்லை. ஒரு தாளில் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதிக் கொடுத்து, அந்தப் பையோடு அரசாங்கக் கிளினிக்கிற்குப் போகச் சொன்னேன். அவருக்குக் கோபம். "எம்.சி. எடுத்தா வருகை அலவன்ஸ் போயிடும் தம்பி. வலியோட எப்படி நிக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அவர் வலிக்காக மட்டும் மாத்திரை சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்றுதான் சாப்பிட்டார்.

ஆனாலும் போனார். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. வலி மாத்திரைகள் இரண்டையும் புட்டியையும் டாக்டர் கவனமாக நிறுத்தினார். சில வாரங்களில் கால் வீக்கம் வடிந்தது, கிரியாட்டினினும் இறங்கியது. முழுவதும் பழைய நிலைக்கு வரவில்லை. இன்னும் ஓராண்டு அதே பையோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முட்டிக்கு இப்போது ஜெல்லும் பயிற்சியும். மேற்பார்வையாளரிடம் பேசி, உட்கார்ந்து செய்யும் பிரிவுக்கு மாறியிருக்கிறார். வலி இருக்கிறது, குறைந்திருக்கிறது.

வேலையால் வந்த தசை, மூட்டு நோய்க்குச் சொக்சோவில் தொழில்சார் நோய் என்ற பிரிவு உண்டு என்பதையும் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சொன்னால்தான் அது அட்டையில் பதிவாகும்.

நேயர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியில், குளிர்பெட்டியின் மேல், கைப்பையில், சாமி அறையில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போடுங்கள். எண்ணெய், ஜெல், வேர், உருண்டை எதையும் விட வேண்டாம். அடுத்த முறை எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும், எந்த மருந்தகத்துக்குப் போனாலும் அந்தப் பையைக் கொண்டு போய்க் கொட்டுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியர்கள் கட்டுவது ஒரு வெள்ளிதான். அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். இதில் ஒரே குடும்பத்து மருந்து இரண்டு இருக்கிறதா? என் சிறுநீரகப் பரிசோதனை எப்படி இருக்கிறது? இந்த வலி மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடலாம்?

கேட்பதற்குத் தயங்காதீர்கள். நீங்கள் கேட்டால் தொந்தரவு என்று நினைக்கும் மருந்தாளர் இருந்தால், வேறு மருந்தகத்துக்குப் போங்கள்.